மனைப்பிரிவில் பூங்கா யாருக்குச் சொந்தம்?

மனைப்பிரிவாக மாறிய நிலங்களைப் பற்றி மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மனை வாங்கியவர். ஒருவர் மகளை அமெரிக்காவுக்குக் கட்டிக்கொடுத்தவர். மூன்றாமவர் மனைப்பிரிவுக்குப் பக்கத்தில் இன்றும் வெள்ளாமை செய்பவர். மூவரும் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். பொது இடம் யாருக்குச் சொந்தம், அதைப் பராமரிக்க வேண்டியவர் யார், அங்கே யார் சொல் செல்லும் என்பதே அது. எனவே மூன்று கேள்விகளுக்கும் இந்த இதழில் சேர்த்தே பதில் தரப்படுகிறது.

கேள்வி 1

"எங்கள் ஊரில் 4 ஏக்கர் காட்டை 2020-ல் மனைப்பிரிவு ஆக்கினார்கள். டி.டி.சி.பி அங்கீகாரம் உண்டு. மொத்தம் 62 மனைகள். 20 வீடுகளில் குடியிருக்கிறோம். மற்ற மனைக்காரர்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். வரைபடத்தில் பூங்கா என்று போட்ட இடத்தில் போன மாதம் கல் நட்டு, ஆறு மனையாகப் பிரித்து அளந்துவிட்டுப் போனார்கள். ஊராட்சியில் கேட்டால், 'அந்த இடம் எங்கள் பதிவேட்டில் இல்லை' என்கிறார்கள். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. எங்களுக்குச் சங்கமும் இல்லை. என்ன செய்வது?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாராபுரம்.

பதில்

முதலில் அந்தப் பூங்கா எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். மனை விற்றவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த இடம் அல்ல அது. 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியுள்ள பரப்பில் 10 சதவிகிதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கியே ஆக வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர் இடம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைப்பிரிவு என்றால், இடத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகச் செலுத்த வழி உண்டு. 10,000-ஐத் தாண்டினால் அந்த வழி கிடையாது.

10,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 247 சென்ட். வாசகர் சொல்லும் மனைப்பிரிவு 400 சென்ட். சாலைக்கு 100 சென்ட் போயிருந்தால் மீதி 300 சென்ட். அதில் 10 சதவிகிதம் என்றால் 30 சென்ட். இந்த இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சி அமைப்புக்கு, அதாவது இங்கே கிராம ஊராட்சிக்கு, பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும்.

இப்படி எழுதிக்கொடுப்பதோடு பல ஊர்களில் வேலை நின்றுவிடுகிறது. தானப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிடும். ஆனால், ஊராட்சி தன் சொத்துப் பதிவேட்டில் அதை ஏற்றியிருக்காது. வருவாய்த் துறையில் பட்டா மாற்றவும் மனு கொடுத்திருக்காது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் பட்டாவில் பழைய உரிமையாளர் பெயரே இருக்கும். அந்தப் பட்டாவைக் காட்டி இடத்தை விற்க வருகிறார்கள். தாராபுரம் வாசகர் எழுதியிருப்பதைப் பார்த்தால் அங்கும் இதுவே நடந்திருக்கக்கூடும்.

இந்த நிலையில் கல்லைப் பிடுங்கி எறிவது தீர்வாகாது. அது காவல் நிலைய வழக்காகி, மனைக்காரர்களையே குற்றவாளியாக்கிவிடும். முதலில் தாள்களைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல். விளம்பரத்துக்கு அச்சடித்த வண்ணப் படம் செல்லாது. அங்கீகார எண்ணும் முத்திரையும் உள்ள படம் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை, மத்திய அரசின் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெரா ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே அங்கும் வரைபடம் இருக்கும்.

இரண்டு, நிலத்தின் சர்வே எண்ணுக்கு 2019 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று. ஊராட்சி பெயருக்கு எழுதிய தானப் பத்திரம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். அதன் எண்ணைக் கொண்டு சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம்.

மூன்று, ஊராட்சியிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. "இந்த மனைப்பிரிவில் பூங்கா, சாலைக்கான தானப் பத்திரம் எந்தத் தேதியில் பெறப்பட்டது? அதன் நகல் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் போதும். கட்டணம் 10 ரூபாய். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

தானப் பத்திரம் கையில் கிடைத்ததும், அதன் நகலை இணைத்து நான்கு இடங்களுக்கு மனு கொடுக்க வேண்டும். சார்பதிவாளருக்கு, அந்த இடத்தில் எந்தக் கிரயமும் பதிய வேண்டாம் என்ற ஆட்சேபணை மனு. வட்டாட்சியருக்கு, பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்றக் கோரும் மனு. ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், சொத்துப் பதிவேட்டில் ஏற்றி வேலி போடக் கோரும் மனு. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

தானப் பத்திரமே எழுதவில்லை என்று தெரியவந்தாலும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. அங்கீகாரம் கொடுத்த வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தை மனையாக மாற்ற முடியாது என்றே நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. பெங்களூருவில் பொதுப் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை, மருத்துவமனை கட்டுவதற்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பூங்காவால் பயன் பெறும் குடியிருப்பாளர்களுக்கு வழக்குப் போடும் உரிமை உண்டு என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதான். அதற்கே பூங்கா இடத்தைக் கொடுக்கக் கூடாது என்றால், ஆறு மனைக்காக எப்படிக் கொடுக்க முடியும்?

சங்கம் இல்லை என்கிறார் வாசகர். அது பெரிய குறை. ஆனால், சங்கம் வேண்டும் என்பதற்காக மனு கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. இருபது குடும்பமும் கையெழுத்துப் போட்டு முதலில் ஆட்சேபணை மனுவைக் கொடுத்துவிட்டு, பிறகு சங்க வேலையைத் தொடங்கலாம். சங்கத்தால் எது முடியும், எது முடியாது என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி 2

"என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் டவுனை விட்டுத் தள்ளி, மலையோரமாக ஒரு மனைப்பிரிவில் வீடு வாங்கியிருக்கிறார்கள். மனைக்காரர் சங்கத்துக்கு வருடா வருடம் ஒரு தொகை கட்டுகிறார்களாம். அது போக, சொத்து வரியோடு சேர்த்து 'ரெக்ரியேஷன் டிஸ்ட்ரிக்ட்' என்று இன்னொரு தொகை வருகிறதாம். பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் என்கிறாள் மகள். இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு முறை கட்ட வேண்டும் என்று கேட்டேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரிலும் இப்படிச் செய்தால் நன்றாக இருக்குமா?"

– வாசகி, நாமக்கல்.

பதில்

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று ஒப்பந்தத்தால் உண்டானது. மற்றது சட்டத்தால் உண்டான அரசு அமைப்பு. இந்த வித்தியாசம் புரிந்தால், நம் ஊர் மனைப்பிரிவில் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம் புரிந்துவிடும்.

கொலராடோவில் கிராமப்புற மனைப்பிரிவுகளுக்கு ஒரு பின்கதை உண்டு. 1972-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டு, நிலத்தை மனையாகப் பிரிப்பதற்குக் கவுன்ட்டி நிர்வாகங்கள் விதிமுறை வகுக்க வேண்டும் என்றது. கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றது. ஆனால், 35 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளாகப் பிரித்தால் அந்த விதிமுறை பொருந்தாது என்று விலக்கும் கொடுத்தது. அதனால் பெரிய மாட்டுப் பண்ணைகள் பலவற்றை 35 ஏக்கர் துண்டுகளாக நறுக்கி விற்றார்கள். இப்படிப் பிரித்த இடங்களில் உட்சாலையைக் கவுன்ட்டி ஏற்காமல் விடுவது சாதாரணம். அப்போது சாலைக்குச் சரளை போடுவது, பனிக்காலத்தில் பனியைத் தள்ளுவது எல்லாம் அங்கே குடியிருப்பவர்கள் பொறுப்பாகிறது. அந்தப் பொறுப்பைத் தூக்கச் சங்கம் வந்தது.

இந்தச் சங்கத்தின் பலம் மனைப் பத்திரத்திலேயே இருக்கிறது. முதல் மனையை விற்பதற்கு முன்பே, மொத்த நிலத்துக்கும் சேர்த்து ஒரு கட்டுப்பாட்டு ஆவணம் எழுதிப் பதிவு செய்துவிடுகிறார்கள். மனை யார் கைக்கு மாறினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகும். மனை வாங்கினாலே சங்கத்தில் உறுப்பினர். விலகி நிற்க முடியாது. சந்தா கட்டாவிட்டால் அந்த பாக்கி வீட்டின் மீது கடனாக ஏறும். நீதிமன்றம் போய் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரவும் சங்கத்தால் முடியும். இந்தச் சங்கங்களுக்கான கொலராடோ சட்டம் 1992 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. விதிமீறலுக்குப் போட்ட அபராதத் தொகைக்காக மட்டும் வீட்டை ஏலம் விடக் கூடாது என்று 2022-ல் அதில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அந்த அளவுக்குச் சங்கத்தின் கை நீண்டிருந்தது.

மகள் கட்டும் இரண்டாவது தொகை வேறு வகை. பூங்கா, நீச்சல் குளம், விளையாட்டுத் திடல், நடைபாதை போன்றவற்றுக்காக, ஒரு வட்டாரத்துக்கு எல்லை வரைந்து தனி அமைப்பு உண்டாக்க அந்த மாநிலச் சட்டம் வழி செய்திருக்கிறது. அது தனியார் சங்கம் அல்ல. நம் ஊராட்சி போல ஓர் உள்ளாட்சி அமைப்பு. ஆனால், அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்கும். அதைத் தொடங்குவது எளிதல்ல. என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு செலவாகும் என்ற திட்டத்தைக் கவுன்ட்டி ஏற்க வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் மனு. அதன்பின் அந்த வட்டார மக்களின் வாக்கெடுப்பு. ஐந்து அல்லது ஏழு பேர் கொண்ட குழுவை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். செலவுக்குச் சொத்து வரி விதிக்கலாம். வரி மதிப்பில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் இத்தனை டாலர் என்று கணக்கு. புதிதாக வரி போட்டாலும், விகிதத்தைக் கூட்டினாலும் மக்களிடம் வாக்குக் கேட்டாக வேண்டும் என்று 1992-ல் அந்த மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். சங்கத்தில் மனைக்காரருக்கு மட்டுமே ஓட்டு. வாடகைக்கு இருப்பவர் உறுப்பினர் அல்ல. அந்த வட்டார அமைப்பில், அங்கே குடியிருக்கும் வாக்காளர் என்றால் வாடகைக்காரருக்கும் ஓட்டு உண்டு. சங்கத்தின் திடல் சங்கத்தாருக்கு. வட்டார அமைப்பின் திடல் நான்கு மனைப்பிரிவுக்கும், நடுவில் உள்ள பண்ணைகளுக்கும், பக்கத்து டவுன் பிள்ளைகளுக்கும் பொது. நூறு வீடு மட்டும் சேர்ந்து ஒரு நீச்சல் குளத்தைத் தாங்க முடியாது. ஒரு வட்டாரமே சேர்ந்தால் முடியும். இரண்டு தொகை கட்டுவதன் நியாயம் இதுதான்.

விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயமும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 40 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள விவசாய நிலத்தை, உரிமையாளர் எழுத்து மூலம் சம்மதிக்காமல், பூங்கா–விளையாட்டு வட்டாரத்துக்குள் சேர்க்கக் கூடாது. மனைக்காரர்களின் நீச்சல் குளத்துக்காகப் பண்ணைக்காரர் தலையில் வரி விழக் கூடாது என்ற கவனம் அது.

இதில் குறையும் உண்டு. சில இடங்களில் குழுவுக்குப் போட்டியிட ஆளே இருக்காது. ஓட்டுப் போட வருபவர்களும் கொஞ்சம் பேர்தான். சங்கமோ வட்டாரமோ, கூட்டத்துக்குப் போகாதவர் கேட்காமலே கட்டணம் ஏறும். மகளும் மருமகனும் வருடத்தில் ஒரு நாளாவது இரண்டு கூட்டத்துக்கும் போய் வரவு செலவு கேட்டால், கட்டும் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

நம் ஊரில் இப்படிச் செய்யலாமா என்பது வாசகியின் கடைசிக் கேள்வி. பூங்காவுக்கென்று தனி வரி போடும் அமைப்பு தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிடையாது. அந்த வேலை கிராம ஊராட்சியுடையது. 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. 110-ம் பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. ஊர்ச் சாலை, குடியிருப்புப் பகுதியில் தெருவிளக்கு, சாக்கடை, தெருவைச் சுத்தம் செய்வது, குடிநீர்க் கிணறு எல்லாம் அதில் வருகின்றன. 111-ம் பிரிவு, வசதி இருந்தால் செய்யலாம் என்ற வேலைகளைச் சொல்கிறது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் படிப்பகமும் இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கின்றன.

சங்கம் எங்கே தேவை என்பதை இந்த இரண்டு பட்டியலை வைத்தே முடிவு செய்யலாம். சாலை, சாக்கடை, விளக்கு ஆகியவற்றை ஊராட்சியிடம் கேட்டு வாங்க வேண்டும். சந்தா வசூலித்து அந்த வேலைகளைச் சங்கமே செய்துகொண்டால், வீட்டு வரி ஒரு பக்கம், சந்தா ஒரு பக்கம் என்று இரட்டைச் செலவு. பூங்காவை ஊராட்சி தானாக முன்வந்து செய்வது அரிது. அங்கேதான் சங்கம் தோள் கொடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி, 'நமக்கு நாமே' திட்டம். பொதுச் சொத்தாக உள்ள இடத்தில், மக்கள் மூன்றில் ஒரு பங்கு பணம் கட்டினால் மீதியை அரசு தரும். பட்டியல் இன, பழங்குடி மக்கள் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். தாராபுரம் வாசகரின் 62 மனைகளையே எடுத்துக்கொள்வோம். பூங்காவுக்குச் சுற்றுவேலியும் தண்ணீர்க் குழாயும் போட 3 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், சங்கமே செய்தால் மனைக்கு 4,839 ரூபாய். திட்டத்தில் சேர்ந்தால் சங்கத்தின் பங்கு 1 லட்சம். மனைக்கு 1,613 ரூபாய். ஆனால், இடம் ஊராட்சி பெயரில் இருந்தால்தான் இது நடக்கும். பட்டா மாற்றத்துக்கு ஏன் அலைய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சங்கத்தை 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில், மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். 20 பேருக்குக் குறையாத உறுப்பினர்கள் இருந்தால் பதிவு கட்டாயம். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. அவர்கள் பதவிக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் பல சங்கங்கள் கோட்டை விடுகின்றன. புதிய மனைப்பிரிவு என்றால், மனைக்காரர் சங்கம் அமைய வழி செய்ய வேண்டிய கடமை மனை போட்டவருக்கே உண்டு என்கிறது ரியல் எஸ்டேட் சட்டம்.

ஒன்றை மறக்கக் கூடாது. நம் ஊர்ச் சங்கத்துக்குக் கொலராடோ சங்கத்தின் கை நீளம் கிடையாது. சந்தா கட்டவில்லை என்று ஒருவர் மனையை ஏலம் விடவோ, வாசலை மறிக்கவோ முடியாது. வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. கணக்கு நேர்மையாக இருந்து, செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தால், திருப்பூரில் இருப்பவரும் பணம் அனுப்புவார். அந்த நம்பிக்கையைத் தவிர சங்கத்துக்கு வேறு ஆயுதம் இல்லை.

கேள்வி 3

"எனக்கு 2 ஏக்கர் 20 சென்ட் நிலம். தோட்டத்துக்கு என் அப்பா காலத்திலிருந்து ஒரே வண்டிப் பாதை. பாதை போகும் காட்டை மனைப்பிரிவு ஆக்கி, அதன் மேலேயே 23 அடி தார் ரோடு போட்டார்கள். இப்போது மனைக்காரர்கள் சங்கம் வைத்து, ரோட்டின் முகப்பில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். 'டிராக்டர் போனால் ரோடு கெடுகிறது, எருவண்டி போனால் நாற்றம். நீங்கள் சங்கத்தில் மெம்பர் இல்லை' என்கிறார்கள். இரண்டு ஏக்கர் நெல் அறுப்புக்கு நிற்கிறது. கதிர் அறுக்கும் இயந்திரம் உள்ளே வர வழியில்லை."

– விவசாயி, ஆரணி வட்டம்.

பதில்

நிற்கும் கதிருக்குத்தான் முதல் வழி பார்க்க வேண்டும். ஊராட்சி, வட்டாட்சியர், காவல் நிலையம் மூன்றுக்கும் இன்றே மனு கொடுத்து, அறுப்பு முடியும் வரையாவது கேட்டைத் திறந்துவிடக் கேட்கலாம். சங்கத் தலைவரை நேரில் பார்த்து, அறுப்புத் தேதியைச் சொல்லிக் கேட்பதும் தப்பில்லை. அறுப்பு நாளில் பேசிச் சரிசெய்வதால் உரிமை ஒன்றும் போய்விடாது. ஆனால், "இனி சங்கத்தின் அனுமதி கேட்டே வருவேன்" என்று எழுதிய தாள் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அனுமதி கேட்டு நடந்த பாதையில் உரிமை கோர முடியாது.

அடுத்து, அந்த ரோடு யாருடையது என்று பார்க்க வேண்டும். மூன்று விதமாக இருக்கலாம்.

ரோடு தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்குப் போயிருந்தால், அது பொதுச் சாலை. மனைக்காரருக்கு எவ்வளவு உரிமையோ, அதே அளவு உரிமை பக்கத்து விவசாயிக்கும் உண்டு. அதில் பூட்டிய கேட் ஓர் ஆக்கிரமிப்பு. சங்கத்தில் உறுப்பினரா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும் அதை அகற்ற வேண்டியவர்கள்.

புலப்படத்திலும் 'அ' பதிவேட்டிலும் அந்த வண்டிப் பாதை புறம்போக்கு என்று இருந்தால், அது அரசு நிலம். மனைப்பிரிவு வந்ததால் அது மனைக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. வட்டாட்சியரிடம் மனு கொடுத்து நில அளவையர் மூலம் அளந்து காட்டக் கோரலாம்.

இரண்டும் இல்லை, பாதை முழுக்கத் தனியார் பட்டாவில்தான் இருந்தது என்றாலும் வழி உண்டு. 1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, யாருடைய அனுமதியும் கேட்காமல், வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு 20 ஆண்டுகள் பயன்படுத்திய பாதையில் போகும் உரிமை நிலைத்துவிடுகிறது. ஒரே நிலம் இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டுக்கு வேறு வழியே இல்லாமல் போனால், அவசியத்தால் வரும் வழியுரிமையையும் அந்தச் சட்டம் ஏற்கிறது. இடம் கைமாறினாலும் மனைப்பிரிவு ஆனாலும் இந்த உரிமை அழியாது. பழைய கிரயப் பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தில் 'வண்டிப் பாதை' என்று எழுதியிருந்தால் அது வலுவான சாட்சி. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, பாதையை மறிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்கலாம். தடை ஏற்பட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குக்குப் போய்விட வேண்டும். தள்ளிப்போட்டால் 20 ஆண்டுக் கணக்கே அடிபட்டுப்போகும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால், வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. விவரம் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது.

மனைக்காரர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கூண்டுச் சக்கரத்தோடு டிராக்டரைத் தார் ரோட்டில் ஓட்டினால் ரோடு கெடுவது உண்மை. கூண்டுச் சக்கரத்தை வயலில் மாட்டி வயலிலேயே கழற்றுவது, எருவை இரண்டொரு நாளில் அடித்து முடிப்பது, மழைக்காலத்தில் சேற்றை ரோட்டில் விடாமல் இருப்பது போன்றவற்றை விவசாயி ஒப்புக்கொள்ளலாம். அதே போல, மனைப்பிரிவின் சாக்கடைத் தண்ணீரை வயலுக்குள் திறந்துவிடாமல் இருப்பது மனைக்காரர்கள் கடமை. இதை எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டால் நல்லது. அதில், பாதை விவசாயியின் உரிமை என்பது முதல் வரியாக இருக்க வேண்டும்.

கொலராடோவிலும் இதே சண்டை உண்டு. அங்கே மாடு மேய்ப்பவர் வேலி போட வேண்டியதில்லை. மாடு வரக் கூடாது என்று நினைக்கும் மனைக்காரர்தான் மூன்று வரி முள்கம்பி வேலி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். பட்டணத்திலிருந்து வந்து மனை வாங்கியவர்கள் இதைக் கேட்டுத் திகைத்துப்போவார்கள். அங்கே முதலில் இருந்தவர் மாட்டுக்காரர் என்பதே அந்தச் சட்டத்தின் நியாயம்.

கிராம சபையில் பேசலாம்

தாராபுரம் வாசகரும் ஆரணி விவசாயியும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பவர்கள் போலத் தோன்றும். இருவருக்கும் தேவை ஒன்றுதான். சாலையும் பூங்காவும் ஊராட்சி பெயருக்கு முறையாக வந்திருக்க வேண்டும். வந்தால் பூங்காவை யாரும் விற்க முடியாது, ரோட்டை யாரும் பூட்ட முடியாது.

இதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருந்தால் கூட்டம் செல்லும். சங்கத்தில் மனைக்காரருக்கு மட்டும் இடம். கிராம சபையில் ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு. விவசாயிக்கும், மனைப்பிரிவில் குடிவந்தவருக்கும், வாடகை வீட்டில் இருப்பவருக்கும். மனைப்பிரிவில் குடியேறியவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், வீடு இருந்தும் அங்கே குரல் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்த கிராம சபையில் கொண்டுவர வேண்டிய தீர்மானம் இரண்டே வரி: "நமது ஊராட்சியில் உள்ள எல்லா மனைப்பிரிவுகளின் சாலை, பூங்கா இடங்களுக்கான தானப் பத்திரங்களின் பட்டியலைத் தயாரித்துச் சபையில் வைக்க வேண்டும். அவற்றின் பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும்." தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லி, அதன்பிறகு கையெழுத்துப் போட வேண்டும். வெறும் தாளில் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.